காற்றுப் பையும் வண்டிப் பாரமும்

மாட்டு வண்டியில் மூட்டை அடுக்குகிறவர் மூட்டைகளின் எண்ணிக்கையை மட்டும் பார்ப்பதில்லை. அவை வண்டியில் எந்த இடத்தில் இருக்கின்றன என்பதையும் பார்க்கிறார். முன்பாரம் மிகுந்தால் நுகத்தடி மாட்டின் கழுத்தை அழுத்தும். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலே கிளம்பும். கழுத்துக் கயிறு மாட்டின் தொண்டையை இறுக்கும். ஆகவே, அளவான முன்பாரம் இருக்கும்படி மூட்டைகளைத் தள்ளியும் இழுத்தும் வைத்த பிறகே வண்டியைக் கிளப்புவார்கள். பௌதிக நூலில் நாம் நெம்புகோல் விதி என்று படிப்பதை நம் வண்டிக்காரர்கள் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தார்கள்.

இதே விதி, கடல் கடந்த நாட்டில் வேறொரு வண்டியில் மக்களைக் குழப்பி வருவதை நான் நேரில் கண்டேன். அமெரிக்க ஐக்கிய நாட்டில் பிக்கப் வண்டி என்பது குடும்ப வண்டி. முன்னே ஆட்கள் அமர அறை, பின்னே திறந்த தொட்டி, அதன் பின்னால் டிரெய்லர் என்னும் இழுவண்டியைப் பூட்ட ஓர் இணைப்புக் குண்டு. விடுமுறை வந்துவிட்டால் படகையோ, குதிரையையோ, படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியையோ பின்னே பூட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான மைல் போகிறார்கள். பூட்டியவுடன் பிக்கப்பின் பின்புறம் தாழ்ந்து, முன்புறம் வானத்தைப் பார்க்கிறது. இதற்கு மருந்தாக அவர்கள் வாங்குவதுதான் காற்றுப் பை. அந்தப் பை எவ்வாறு வேலை செய்கிறது, எதைத் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பொருத்துவது, எல்லாவற்றுக்கும் மேலாக அது எதைச் செய்யாது என்பவற்றை இக்கட்டுரையில் விளக்க முயல்கிறேன். மேற்படிப்புக்கு அந்நாடு செல்ல இருக்கும் நம் மன்ற அன்பர்களுக்கு இது பயன்படலாம். செல்லாதவர்களுக்கும், பாரம் என்பதை எப்படி நினைத்துப் பார்ப்பது என்பதற்கு இது நல்ல பாடம்.

பின்புறம் ஏன் தாழ்கிறது?

இழுவண்டியின் முழு எடையும் பிக்கப்பின் மேல் விழுவதில்லை. பெரும்பகுதியை அதன் சொந்தச் சக்கரங்களே தாங்குகின்றன. சாதாரண இழுவண்டியில் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடு வரை இணைப்புக் குண்டின் மேல் அமர வேண்டும் என்பது பொது விதி. அதைவிடக் குறைந்தால் இழுவண்டி வேகத்தில் வாலை ஆட்டத் தொடங்கும். அந்த ஆட்டம் பெருகினால் பிக்கப்பையே புரட்டிவிடும். நம் மாட்டு வண்டிக்கு முன்பாரம் வேண்டியிருப்பது போலவே இதற்கும் முன்பாரம் வேண்டும் என்று கொள்ளலாம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இழுவண்டி 2,500 கிலோ. அதில் 12 விழுக்காடு, அதாவது 300 கிலோ, குண்டின் மேல் அமர்கிறது. பிக்கப்பின் முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 3.6 மீட்டர், பின் அச்சிலிருந்து குண்டு 1.2 மீட்டர் பின்னே இருக்கிறது. பின் அச்சையே நெம்புகோலின் ஆதாரமாக வைத்துக்கொள்ளுங்கள். பின்னே 300 கிலோ அழுத்தும்போது முன்னே 100 கிலோ கிளம்பும். ஆகவே பின் அச்சின் மேல் கூடும் பாரம் 300 அன்று, 400 கிலோ. முன் அச்சோ தன்னிடமிருந்த பாரத்தில் 100 கிலோவை இழந்து நிற்கிறது.

இவ்விரண்டு எண்களையும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். பின்னே 400 கிலோ கூடியதைக் கண் பார்க்கிறது. முன்னே 100 கிலோ குறைந்ததைக் கண் பார்ப்பதில்லை. ஆனால் வண்டியைத் திருப்புவது முன் சக்கரங்கள். வேகத்தைத் தடுக்கும்போது பெரும்பங்கு வேலை செய்வதும் முன் சக்கரங்களே. சாலையை அழுத்திப் பிடிக்காத சக்கரம் சொன்னபடி கேட்குமா?

காற்று எவ்வாறு தாங்குகிறது?

காற்றுப் பை என்பது இழைத்துணி பொதிந்த கெட்டியான ரப்பர் உறை. ஒரு முனை வண்டியின் அடிச்சட்டத்திலும் மறு முனை அச்சிலும் பொருந்தியிருக்கும். உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தத்தை, அது தள்ளும் பரப்பால் பெருக்கினால் பை தாங்கும் பாரம் வரும். ஆறு அங்குல விட்டமுள்ள வட்டத்தின் பரப்பு ஏறக்குறைய 28 சதுர அங்குலம். அந்நாட்டு அளவிகள் சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்றே காட்டும். 50 பவுண்டு அழுத்தம் ஏற்றினால் ஒரு பை தாங்குவது 1,400 பவுண்டு, அதாவது சுமார் 635 கிலோ. உள்ளங்கை இரண்டில் அடங்கும் காற்று, எட்டு ஒன்பது ஆட்களைத் தூக்குகிறது.

இரும்பு வில்லுக்கும் காற்றுக்கும் உள்ள வேறுபாடு ஒன்றைக் கூற வேண்டும். இரும்பு வில்லின் விறைப்பு பெரும்பாலும் மாறாதது. பாரம் கூடினால் அது தாழும். காற்றின் விறைப்போ அழுத்தத்தோடு சேர்ந்து கூடும். ஆகையால் பாரம் கூடும்போது காற்றையும் கூட்டினால், வண்டியின் உயரமும் மாறாது, குலுங்கும் வேகமும் அதிகம் மாறாது. ஐந்து பேர் ஏறினாலும் ஐம்பது பேர் ஏறினாலும் பெரிய பேருந்துகள் ஒரே விதமாக ஓட இது வழி செய்கிறது.

1953ஆம் ஆண்டில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தன் பேருந்துகளில் காற்று வில்லைப் புகுத்தியது. 1957இல் காடிலாக் எல்டொராடோ புரூம் என்னும் விலை உயர்ந்த காரில் அது வந்தது. காற்றுக் கசிவு தீராமல், வாங்கியவர்கள் பலர் அதைக் கழற்றிவிட்டு இரும்புச் சுருளையே போட்டுக்கொண்டார்கள். இருக்கும் வில்லோடு துணைக்கு ஒரு காற்றுப் பை என்னும் எளிய ஏற்பாடு மட்டும் நிலைத்துவிட்டது. அதையே தொழிலாகக் கொண்ட ஏர் லிஃப்ட் நிறுவனம் மிச்சிகன் மாநிலத்து லான்சிங் நகரில் 1949இல் தோன்றியது.

நமக்கும் இது புதிதன்று. சென்னை பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் உருவாகி 2019இல் ஓடத் தொடங்கிய வந்தே பாரத் ரயிலின் பெட்டிகள் காற்று வில்லின் மேல்தான் அமர்ந்திருக்கின்றன. விடுமுறைக்கு ஊர் செல்லும் நம்மில் பலர் அதன் மேல் உறங்கியே போயிருப்போம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

முதற் கேள்வி, வண்டியின் பின்புறத்தில் இருப்பது பட்டை வில்லா, சுருள் வில்லா என்பது. வழக்கமான ஃபோர்டு எஃப்-150 வண்டியில் பட்டை வில். 2009ஆம் ஆண்டு மாதிரி முதல் ராம் 1500 வண்டியில் சுருள் வில். சுருளுக்குள் நுழைத்துவிடும் உருளை வடிவப் பை உண்டு. அது மலிவு; பொருத்துவதும் எளிது; ஆனால் தாங்கும் அளவு குறைவு. பட்டை வில் வண்டிக்கு, அச்சுக்கும் சட்டத்துக்கும் நடுவே நிற்கும் தனிப் பை வேண்டும். இரண்டு பூரிகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்கியது போன்ற வடிவில் இருப்பது கனமான பாரத்துக்கு ஏற்றது. கீழிருந்து மேல் சுருண்டு மடங்கும் உறை வடிவில் இருப்பது சற்று மென்மையான ஓட்டம் தரும்.

இரண்டாவது கேள்வி, காற்றை எப்படி அடைப்பது என்பது. ஆண்டுக்கு நான்கு முறை இழுவண்டி பூட்டுகிறவருக்குச் சைக்கிள் டியூபில் இருப்பது போன்ற வால்வே போதும். பெட்ரோல் நிலையத்தில் காற்று அடித்துக்கொள்ளலாம். நாள்தோறும் பாரம் மாறுகிறவருக்கு வண்டியிலேயே சிறு காற்றுப் பம்ப்பும், ஓட்டுநர் இருக்கையருகே அளவியும் வசதி. பம்ப் இருந்தால் கம்பி இணைப்பும் கசியும் இடங்களும் கூடும் என்பதையும் எண்ணிக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது, இரு பைகளுக்கும் ஒரே குழாயா, தனித்தனிக் குழாயா என்பது. நான் தனித்தனிக் குழாய்க்கே வாக்களிப்பேன். ஒரே குழாயில் இரண்டையும் இணைத்தால், வளைவில் வண்டி சாயும்போது அழுந்திய பையின் காற்று எதிர்ப்பக்கத்துப் பைக்கு ஓடிவிடும். சாய்வு மேலும் கூடும். தனித்தனியாக இருந்தால் ஒரு பக்கம் தண்ணீர்த் தொட்டி போன்ற பாரம் இருக்கும்போது அப்பக்கத்துக்கு மட்டும் சற்றுக் கூடுதலாகக் காற்று ஏற்றவும் முடியும்.

நான்காவது, பையினுள் ரப்பர்த் தாங்கு கட்டை இருக்கிறதா என்பது. பெரும்பாலான ஏற்பாடுகளில், அச்சு சட்டத்தின் மேல் மோதாமல் காக்கும் ரப்பர்க் கட்டையைக் கழற்றிவிட்டு, அந்த இடத்திலேயே பையைப் பொருத்துகிறார்கள். காவலைக் கழற்றிவிட்டோம், பையில் காற்று இறங்கிவிட்டால் மோதலைத் தாங்குவது யார்? உள்ளே கட்டை உள்ள பை அப்பொழுதும் வண்டியைக் காக்கும். அது இல்லாத பையை வெறுமையாக வைத்து ஓட்டுவது ரப்பரைக் கிழித்துவிடும். இழுவண்டி பூட்டாத நாளிலும், தயாரித்தவர் குறித்த குறைந்த அளவு காற்று, பெரும்பாலும் 5 பவுண்டு அழுத்தம், பையில் இருக்கத்தான் வேண்டும்.

பொருத்தும் முறை

ஆய்வுப் பயிற்சிக்காக ஒரு கோடைக்காலம் மிச்சிகனில் தங்கியிருந்தேன். என் வீட்டுக்காரர் எழுபதை எட்டிய ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். மனைவியையும் பேரக்குழந்தைகள் இருவரையும் அழைத்துக்கொண்டு கிரேட் ஸ்மோக்கி மலைப்பகுதிக்குச் செல்ல அவர் திட்டமிட்டிருந்தார். தம் பிக்கப்புக்குக் காற்றுப் பை வாங்கி வந்து, ஒரு சனிக்கிழமை என்னையும் உதவிக்கு அழைத்தார். அன்று கற்ற வரிசை இது.

முதலில், வண்டி வெறுமையாக மட்டமான தரையில் நிற்கும்போது நான்கு மட்கார்டுகளின் உயரத்தையும் அளந்து எழுதிக்கொள்ள வேண்டும். இந்த நான்கு எண்கள் இல்லாவிட்டால் பிறகு செய்வதெல்லாம் குருட்டுக் கணக்கு. அதன்பின் முன் சக்கரங்களுக்கு அணை கொடுத்து, பின்புறத்தை ஜாக்கியால் தூக்கி, சட்டத்தின் கீழ் உறுதியான தாங்கிகளை நிறுத்த வேண்டும். ஜாக்கியை மட்டும் நம்பி வண்டிக்கு அடியில் ஒருவரும் நுழையக் கூடாது.

ரப்பர்க் கட்டையைக் கழற்றிய பின், மேல் தாங்கியைச் சட்டத்திலும், கீழ்த் தாங்கியை அச்சிலும் போல்ட்டுகளால் பொருத்துகிறோம். இங்கே கவனிக்க வேண்டியவை மூன்று: பிரேக் குழாய் தாங்கிக்கு அடியில் நசுங்கக் கூடாது, சக்கர வேகத்தை உணரும் கம்பி இழுபடக் கூடாது, பை மேலும் கீழும் நேராக நிற்க வேண்டும், கோணலாக நின்றால் ஒரு பக்கம் தேயும். பை உப்பும்போது எதையும் உரசாமல் சுற்றிலும் இடம் விட வேண்டும். சைலன்சர்க் குழாய் அருகில் ஓடினால், பெட்டியோடு வரும் வெப்பத் தடுப்புத் தகட்டைக் கட்டாயம் மாட்ட வேண்டும். ரப்பருக்குச் சூட்டைப் போன்ற பகை வேறில்லை.

காற்றுக் குழாய் நைலானால் ஆனது. அதைக் கூரிய பிளேடால் நேராக வெட்ட வேண்டும். கொறடாவால் வெட்டினால் முனை நசுங்கிக் கசியும். சட்டத்தின் ஓரமாகக் கொண்டுபோய், கூர்மையான விளிம்பில் உரசாதபடி கட்டி, நம்பர் தகட்டருகே வால்வைப் பொருத்தினோம். போல்ட்டுகளை ஏட்டில் குறித்த அளவுக்கு முறுக்கு அளவியால் இறுக்கினோம்.

கடைசியில் காற்று அடைத்து, ஒவ்வோர் இணைப்பிலும் சோப்பு நுரை தடவிப் பார்த்தோம். பஞ்சர் கடையில் டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கிப் பார்க்கும் அதே சோதனை. குமிழி இல்லை. அழுத்தத்தை எழுதி வைத்துவிட்டு ஓரிரவு விட்டு, மறுநாள் காலையில் மீண்டும் பார்த்தோம். சில நூறு மைல் ஓடிய பிறகு போல்ட்டுகளை மறுபடி இறுக்கிச் சரிபார்க்கவும் வேண்டும்.

எவ்வளவு காற்று? பை தாங்கக்கூடிய உச்ச அளவு 100 பவுண்டு என்றால், 100 பவுண்டு அடைக்க வேண்டும் என்பதில்லை. மேலே கண்ட கணக்கில் பின் அச்சில் கூடியது 400 கிலோ. பக்கத்துக்கு 200 கிலோ, அதாவது 440 பவுண்டு. அதை 28 சதுர அங்குலத்தால் வகுத்தால் 16 பவுண்டு அழுத்தமே வருகிறது. தொட்டியில் சாமான் இருந்தால் இன்னும் சற்று. மிகுதியாக அடைத்தால் பின்புறம் வெறுமை நிலையைவிட உயர்ந்து, கட்டைபோல் விறைத்துக் குலுங்கும். பழைய வண்டிகள் சிலவற்றில் பின்புற உயரத்தைக் கொண்டே பிரேக்கின் பலத்தைப் பங்கிடும் வால்வு உண்டு. அத்தகைய வண்டியைக் காற்றால் உயர்த்தினால், பாரமே இல்லை என்று அந்த வால்வு ஏமாந்துபோகும். ஆகவே வண்டி ஏட்டை முன்கூட்டியே படிப்பது நல்லது.

காற்று செய்யாதது

மறுநாள் வீட்டு வண்டியைப் பூட்டி, காற்று ஏற்றினோம். பிக்கப் மட்டமாக நின்றது. எதிரே வருகிறவர் கண்ணில் குத்திக்கொண்டிருந்த முகப்பு விளக்கும் கீழே இறங்கிவிட்டது. வீட்டுக்காரருக்கு மகிழ்ச்சி. காற்றுப் பை பூட்டினால் அரை டன் வண்டி முக்கால் டன் வண்டியாகிவிடும் என்று யாரோ அவரிடம் சொல்லியிருந்தார்கள். மின் இயந்திரம், கூடுதல் தண்ணீர், விறகு என்று இன்னும் ஏற்றத் தொடங்கினார்.

“ஐயா, ஒருமுறை எடை போட்டுப் பார்த்துவிடலாமே” என்றேன். அந்நாட்டு நெடுஞ்சாலைகளில் லாரிகள் தங்கும் இடங்களில், ஒவ்வோர் அச்சின் எடையையும் தனித்தனியே காட்டும் எடைமேடைகள் உண்டு. குறைந்த காற்றோடு ஒருமுறை, போதிய காற்றை ஏற்றி ஒருமுறை, இழுவண்டியை அவிழ்த்துவிட்டு ஒருமுறை என மூன்று முறை எடை போட்டோம். இழுவண்டி பூட்டியதும் முன் அச்சின் எடை குறைந்திருந்தது. காற்று ஏற்றிய பின்னும் அது ஏறக்குறைய அப்படியே குறைந்துதான் இருந்தது. பின் அச்சும் இறங்கவில்லை.

இதில் வியப்பில்லை. பை இருப்பது சட்டத்துக்கும் அச்சுக்கும் இடையில். சட்டத்தை எவ்வளவு மேலே தள்ளுகிறதோ, அவ்வளவு அச்சைக் கீழே தள்ளுகிறது. தராசின் மேல் ஒரு தலையணையை வைத்து அதன் மேல் ஏறி நிற்பவரின் உயரம் கூடும், எடை குறையுமா? சக்கரத்தின் மேல் விழும் பாரத்தை முடிவு செய்வது, பாரம் வைத்த இடமும் நெம்புகோல் விதியுமே. நடுவில் இருப்பது இரும்பா காற்றா என்பது அன்று.

ஆகவே அச்சும், டயரும், பிரேக்கும், சட்டமும் தாங்கும் எல்லையைக் காற்றுப் பை ஒரு கிலோகூட உயர்த்துவதில்லை. ஓட்டுநர் கதவைத் திறந்தால் அங்கே ஒட்டியிருக்கும் சீட்டில் வண்டியின் மொத்த எடை எல்லையும், ஒவ்வோர் அச்சின் எல்லையும் அச்சிட்டிருக்கும். அதுவே சட்டம். குண்டின் மேல் அமரும் பாரமும், பயணிகளின் எடையும் அந்த எல்லைக்குள் அடங்க வேண்டும். பைகளை விற்கும் நிறுவனங்களே தங்கள் ஏட்டில் இந்த எச்சரிக்கையைத் தருகின்றன, படிப்பவர்தாம் குறைவு. நம் நாட்டிலும் லாரிக்குக் கூடுதல் பட்டை போட்டுவிட்டு, பாரத்தையும் கூட்டி ஏற்றும் வழக்கம் உண்டு. பட்டை கூடியதே தவிர, பிரேக் கூடவில்லை என்பதை மலைச் சரிவு நினைவூட்டும்.

முன் அச்சு இழந்த எடையை மீட்க ஒரு கருவி உண்டு. பாரம் பகிரும் கொக்கி என்று அதைச் சொல்லலாம். இணைப்பிடத்திலிருந்து இரண்டு வில் தண்டுகள் இழுவண்டியின் சட்டத்துக்கு நீண்டு, நெம்புகோலாய் விறைத்து நிற்கும். தள்ளுவண்டியின் கைப்பிடியைத் தூக்கினால் பாரம் முன்சக்கரத்துக்குப் போவது போல, அவை பாரத்தில் ஒரு பங்கை முன் அச்சுக்கும், ஒரு பங்கை இழுவண்டியின் சக்கரங்களுக்கும் அனுப்புகின்றன. இரண்டையும் சேர்த்து வைப்பதானால், பையில் குறைந்த காற்றை வைத்துக்கொண்டு முதலில் கொக்கியைச் சரிசெய்து முன்புறத்தை அதன் பழைய உயரத்துக்கு அருகே கொண்டுவர வேண்டும். எஞ்சிய தாழ்வுக்கு மட்டும் காற்று. காற்றை மிகுதியாக ஏற்றினால் கொக்கியின் இறுக்கம் தளர்ந்து அதன் வேலை கெடும். கொக்கியைச் செய்தவர் தரும் ஏடு வேறு வரிசை சொன்னால் அதையே பின்பற்ற வேண்டும்.

எடைச் சீட்டுகளை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர் நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். பிறகு மின் இயந்திரத்தையும் விறகையும் இறக்கினார். தண்ணீரைப் போகுமிடத்தில் பிடித்துக்கொள்ளலாம் என்றார். பாரம் பகிரும் கொக்கி ஒன்றை வாங்கிப் பொருத்தி, மீண்டும் எடைமேடைக்குச் சென்றார். முன் அச்சு தன் எடையில் பெரும்பகுதியை மீட்டுக்கொண்டதைக் கண்ட பிறகே, ஒரு வாரம் தாமதமாக, குழந்தைகளோடு புறப்பட்டார்.

காற்றுப் பை வேண்டாத பொருள் என்று நான் கூறவில்லை. எல்லைக்குள் பாரம் ஏற்றிய வண்டியை மட்டமாக நிறுத்தவும், விளக்கைத் தாழ்த்தவும், மோதலையும் சாய்வையும் குறைக்கவும் அதைப் போன்ற எளிய துணை வேறில்லை. அதன் வேலை உயரத்தோடு முடிகிறது என்பதை மட்டும் மறவாதிருக்க வேண்டும். கதவுச் சீட்டைப் படித்து, எடைமேடையில் வண்டியை நிறுத்தி, அதன் பிறகு காற்றை அடைக்கிறவர் தம்மையும், தம்மோடு வருகிறவர்களையும், எதிரே வருகிறவர்களையும் சேர்த்துக் காக்கிறார்.